வெள்ளிக்கிழமை நின்றுபோன இரண்டாவது இணைப்பு

கடையின் இரண்டாவது இன்டர்நெட் இணைப்பை வெட்டிவிடலாம் என்று நீங்கள் இருவரும் நேற்றுச் சாப்பாட்டு மேசையில் பேசியதைக் கேட்டேன். "வாப்பாக்கு வெளங்காது, ஃபைபர் வந்த பொறகு நிக்கிறதே இல்ல, சும்மா வீண் செலவு" என்றாள் மகள். மகன் சிரித்தான். நான் எழும்பி வெளியே போனேன். காற்று வாங்கப் போனதாக நினைத்திருப்பீர்கள். கோபம் தாங்காமல்தான் போனேன்.

நேரில் சொன்னால் கத்துவேன். கத்தினால் உம்மா நடுவில் வருவார், விஷயம் பாதியில் நின்றுபோகும். அதனால் எழுதுகிறேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

யுத்தத்தின் கடைசி வருடங்கள். கடை இப்போதிருக்கிற அதே இடம்தான், கட்டுகஸ்தோட்டையைத் தாண்டி அலவத்துகொடைக்குப் போகிற வழியில், பாதையோரத்து வரிசைக் கடைகளில் ஒன்று. அப்போது அது ஒரு கொமியூனிகேஷன். டெலிபோன், ஃபெக்ஸ், போட்டோ கொப்பி, மூன்று கொம்பியூட்டர். சவூதியிலும் கட்டாரிலும் இருந்த பிள்ளைகளோடு பேசுவதற்கு ஊர்ப் பெண்கள் எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். பரீட்சை முடிவு பார்ப்பது, விசாக் கடிதம் எடுப்பது எல்லாம் எங்களிடம்தான்.

இன்டர்நெட் நின்றால் அவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். பக்கத்துக் கடை என் மச்சானுடையது, உங்கள் மாமா, ஹார்ட்வெயார். அவரிடமும் தனியாக ஒரு இணைப்பு இருந்தது. அவருடைய கடையிலிருந்து கூரைக்கு மேலால் ஒரு வயர் இழுத்து என் கடைக்குக் கொண்டுவந்தோம். என்னுடையது நின்றால் அவருடையது எனக்கு, அவருடையது நின்றால் என்னுடையது அவருக்கு.

சும்மா செய்யவில்லை, யோசித்துத்தான் செய்தேன். என் லைன் புதிது, நிலத்துக்கு அடியால் வந்தது. மச்சானுடையது பழைய லைன், கம்பத்தில் வந்தது. மரம் விழுந்து கம்பம் போனால் என்னுடையது இருக்கும், நிலத்தைத் தோண்டினால் அவருடையது இருக்கும். அந்தப் பெருமையில் கடைப் பலகையில் சிவப்பு எழுத்தில் எழுதினேன்: "இரண்டு இணைப்புகள். எங்கள் சேவை ஒருநாளும் நிற்காது."

அந்தப் பலகையை நினைத்தால் இப்போதும் எனக்கு என் கையை உடைக்க வேண்டும் போல இருக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்குப் போகும்போது நம் வரிசையில் எல்லாரும் மெயின் சுவிட்சை ஓஃப் பண்ணிவிட்டுப் போவதை நீங்கள் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறீர்கள். ஏன் என்று நீங்கள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. நீங்கள் பிறப்பதற்கு முன்னால் ஒரு கலவரத்தில் நம் வரிசையில் நான்கு கடைகளைக் கொளுத்தினார்கள். பட்டப்பகலில், டயரும் மண்ணெண்ணெய்ப் போத்தலும் கொண்டுவந்து கொளுத்தினார்கள். மாடியில் நின்று பார்த்த கண் என்னுடையது. பிறகு விசாரிக்க வந்தவர்கள் கடைசியில் எழுதிக்கொண்டு போனது ஒரே ஒரு சொல்: மின்னொழுக்கு. கடைக்காரர்கள் வயரைச் சரியாகப் பார்க்கவில்லையாம், தீ தானாகப் பிடித்ததாம்.

அதற்குப் பிறகுதான் கடைக்காரர் எல்லாம் கூடி ஒரு முடிவெடுத்தோம். கடையைப் பூட்டினால் மெயினும் ஓஃப். முக்கியமாக வெள்ளிக்கிழமை, எல்லா ஆம்பிளைகளும் பள்ளிவாசலில் இருக்கிற நேரம். இனி எவனாவது கொளுத்தினால் மின்னொழுக்கு என்று சொல்ல வாய் வரக்கூடாது. அவர்களுடைய பொய்க்குப் பதில் சொல்வதற்காக வாரத்துக்கு ஒரு முறை நாங்கள் எங்களையே இருட்டாக்கிக்கொண்டோம். அப்போது அது புத்தி என்று நினைத்தோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வருடம் நம் பாதையை அகலமாக்கினார்கள். கண்டியிலிருந்து மாத்தளைக்கும் அதற்கப்பால் யாழ்ப்பாணத்துக்கும் போகிற பாதை. கொழும்புக் கொம்பனி ஒன்று கொந்தராத்து எடுத்திருந்தது. அதில் அளவு பார்க்கிற வேலைக்கு யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் வந்திருந்தார். முப்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சில். மனைவியோடு நம் மேல்வளவு வீடொன்றில் வாடகைக்கு இருந்தார். பின்னேரங்களில் கடைக்கு வந்து அவருடைய அம்மாவுக்கு டெலிபோன் எடுப்பார்.

ஒரு புதன்கிழமை அவர்களுடைய மிசின் தோண்டின தோண்டலில் என் கேபிள் அறுந்தது. அவரே கடைக்கு வந்து நின்றார்.

"அண்ணை, என்ரை ஆக்கள் உங்கடை வயரை வெட்டிப்போட்டாங்கள். பேசுறதெண்டா என்னைப் பேசுங்கோ."

"உங்களப் பேசி என்ன செய்ய? ஒங்க ஊருக்குப் போற பாதையத்தான் தோண்டுறீங்க. சுருக்கா தோண்டி முடிச்சிட்டுப் போங்க."

"பாதை போகும் அண்ணை. எங்களைத்தான் விடமாட்டாங்கள்."

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குக் கவலை இருக்கவில்லை. மச்சானுடைய லைன் இருந்ததே. புதனும் வியாழனும் அதில்தான் கடை ஓடியது. டெலிபோன் ஆட்கள் திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார்கள். பலகையில் எழுதினது சரிதான் என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. மச்சான் எப்போதும் முதல் வரிசையில் இருக்கவேண்டும் என்று பதினொன்றே முக்காலுக்கே பூட்டிவிட்டுப் போய்விடுவார். நான் பன்னிரண்டு ஐந்துக்கு ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். அந்த நேரம் அந்த யாழ்ப்பாணத்துக்காரரின் மனைவி ஓடிவந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை.

"அண்ணை, இவரைப் பிடிச்சுக்கொண்டு போட்டினம்."

"யாரு? எப்ப?"

"விடிய வேலைக்குப் போற வழியிலை. பொலிசிலைதான் வைச்சிருக்கினம். வேலை செய்யிறதுக்கு அத்தாட்சி கேக்கினம். இவர் சேர்ந்து ஒரு மாசம்தானே, கொம்பனிக் கார்ட் இன்னும் வரேல்லை. ஒரு மணிக்கு ஜீப் வந்து கொழும்புக்கு ஏத்துமாம். அதுக்கு முன்னம் கடிதம் காட்டினா விடுவினமாம்."

"சைட்டில பெரியவர் இல்லையா?"

"அவர் கொழும்புக்குப் போட்டார். கடிதம் ஹெட் ஒபிசிலைதான் இருக்காம்."

என் கைப்போனிலிருந்து கொழும்புக்கு எடுத்துக் கொடுத்தேன். அங்கே இருந்த கிளார்க் நல்ல மனிதர். நியமனக் கடிதம் கொம்பியூட்டரிலேயே இருக்கிறது, அடையாள அட்டையும் படமும் இருக்கிறது, பத்து நிமிடத்தில் அனுப்புகிறேன் என்றார். ஃபெக்ஸ் பண்ணவா என்று கேட்டார். அவள் அழுதே விட்டாள்.

"ஃபெக்ஸ் வேண்டாமாம். போன கிழமை வேறை ஆரோ கொண்டு போனதை, முகம் கறுப்பாக் கிடக்கு, ஆர் எண்டு தெரியேல்லை எண்டு கிழிச்செறிஞ்சவையாம். முகமும் காதும் தெளிவாத் தெரியோணும் எண்டு சொல்லித்தான் விட்டவை."

"அழ வேணாம். எங்கட்ட ரெண்டு இணைப்பு ஈக்கு" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன். ஷட்டரைத் தூக்கினேன், மெயினைப் போட்டேன், கொம்பியூட்டரை எழுப்பினேன். அது எழும்பியது. வலைப்பக்கம் எழும்பவில்லை. கூரையால் வந்த வயரைக் கழற்றிப் போட்டேன். மறுபடி கழற்றிப் போட்டேன். பிறகுதான் தலையில் அடித்தது போல விளங்கியது. மச்சானுடைய கடை பூட்டு, மெயின் ஓஃப். அந்த வயரின் மறுமுனையில் கரண்டே இல்லை.

மரம் விழுவதை யோசித்தேன், தோண்டுவதை யோசித்தேன். வெள்ளிக்கிழமையை யோசிக்கவில்லை. என் கடைக்கு உதவிக்கு நான் வைத்த ஆள் நான் பூட்டுகிற அதே நேரத்தில் பூட்டுகிற ஆள், நான் தொழுகிற அதே பள்ளியில் தொழுகிற ஆள். இந்த மடத்தனத்தை நம் வரிசையில் இருக்கிறவன் மட்டும்தான் செய்வான்.

மச்சானின் போனுக்கு எடுத்தேன். ஓஃப். பள்ளிக்குள் யார் போனை ஓன் பண்ணி வைத்திருப்பார்கள்? அவளைக் கடையில் இருக்கச் சொல்லிவிட்டு ஓடினேன்.

நான் போகும்போது ஹஸ்ரத் குத்பாப் பிரசங்கத்தைத் தொடங்கிவிட்டார். குத்பா நடக்கும்போது பேசக்கூடாது, பக்கத்தில் பேசுகிறவனைப் பேசாதே என்றுகூடச் சொல்லக்கூடாது. அந்த அமைதிக்குள் நான் தோள்களைத் தாண்டித் தாண்டி முதல் வரிசைக்குப் போனேன். ஒருவர் என் சாரத்தைப் பிடித்து இழுத்தார். ஒருவர் கண்ணால் எரித்தார். மச்சானின் தோளைத் தட்டினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி தட்டினேன். விரலை உதட்டில் வைத்தார்.

குனிந்து காதில் சொன்னேன்: "சாவி. கடச் சாவி. சுருக்கா."

அவர் முகம் வெளுத்தது. என் சட்டை நனைந்திருந்தது, மூச்சு வாங்கியது, கடைச் சாவி கேட்கிறேன். அவருக்கு வேறு என்ன தோன்றும்?

"நெருப்பா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டார்.

அவ்வளவுதான். பின்வரிசைகள் எழும்பின. "கடைக்கு வச்சிட்டானுகளாம்!" என்று ஒரு குரல். வாசலில் செருப்புத் தேடாமல் ஓடினார்கள். ஹஸ்ரத் மிம்பர் மேடையில் நின்று கையைக் காட்டினார், யாரும் கேட்கவில்லை. நான் "இல்ல, இல்ல, நெருப்பில்ல" என்று கத்தினேன். கத்தினால் நெருப்பென்றுதான் கேட்கும் போல. பாதி ஊர் பாதையில் நின்று புகையைத் தேடியது.

மச்சானின் கையிலிருந்து சாவியைப் பறித்துக்கொண்டு ஓடினேன். அவரும் பின்னால் ஓடிவந்தார்.

"என்னடா? எங்க நெருப்பு?"

"நெருப்பில்ல மச்சான். இன்டர்நெட்."

அவர் நடுப்பாதையில் நின்றார். "என்னத்த? இன்டர்நெட்டா? இன்டர்நெட்டுக்கா குத்பாவ ஒடச்ச? ஒனக்குப் பைத்தியமா?"

"ஒரு மனுசன ஏத்தப் போறானுகள். பேச நேரமில்ல."

அதைக் கேட்டதும் அவர் என்னிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு முன்னால் ஓடினார். பூட்டைத் திறந்தவர் அவர்தான். மெயினைப் போட்டோம். ரவுட்டரில் வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக வரவேண்டும். முதலாவது வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது மின்னிக்கொண்டே இருந்தது. அந்தச் சின்னப் பச்சை வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அது வந்த பிறகும் அந்தக் காலத்து வேகம் உங்களுக்குத் தெரியாது. படம் மேலிருந்து கீழே ஒரு கோடு ஒரு கோடாக இறங்கியது. முதலில் தலைமயிர். பிறகு நெற்றி. அவள் திரையைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

"கெதியா வாங்கோ, கெதியா வாங்கோ" என்றாள். புருசனிடம் சொல்கிறாளா, படத்திடம் சொல்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டு ஐம்பதுக்குக் கலரில் இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்றை உறையில் போட்டேன். மச்சானே பாதையில் நின்ற ஒரு த்ரீவீலரை மறித்துக் கொடுத்தார். நானும் அவளும் பொலிசுக்குள் போகும்போது சுவர் மணிக்கூட்டில் ஒரு மணிக்கு மூன்று நிமிடம் இருந்தது. நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

மேசையில் இருந்த சார்ஜன்ட் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜீப் இருபது நிமிடத்துக்கு முன்னால் போய்விட்டது என்று சிங்களத்தில் சொன்னார்.

"ஒரு மணி என்று சொன்னீர்களே?" என்று நானும் சிங்களத்தில் கேட்டேன்.

அவர் என் தொப்பியைப் பார்த்தார். கோபமில்லாமல்தான் சொன்னார், அதுதான் எனக்கு ஆறவில்லை: "இன்றைக்கு வெள்ளிக்கிழமைதானே நானா. ஒன்றரைக்கு முந்தி உங்கள் ஆட்கள் கடை திறப்பதில்லையே. கடிதம் எங்கேயிருந்து வரப்போகிறது என்று நினைத்தோம். டிரைவரை எதற்குச் சும்மா காக்க வைப்பது?"

எங்கள் கடை எப்போது இருட்டாகும் என்று எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருந்தது. நான்தான் பலகை எழுதி வைத்திருந்தேன்.

கடிதத்தை நீட்டினேன். "இதைக் கொழும்பில் கொடுங்கள்" என்றார். அவள் கொழும்புக்குக் கொண்டு போனாள். ஒரு வாசலில் வாங்கவில்லை, இன்னொரு வாசலில் வாங்கிவிட்டு நாளை வா என்றார்கள். உள்ளே போய்விட்ட ஆளுக்கு வெளியே இருக்கும் கடிதத்தால் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மணிக்கு முன்னால் எங்கள் ஊரிலே காட்டியிருந்தால் விட்டிருப்பார்களா? விட்டிருக்கமாட்டார்கள் என்று மச்சான் மரணிக்கும் வரை சொன்னார், என்னைத் தேற்றுவதற்காக. அதே வாரம் அதே மேசையில் கடிதம் காட்டின இன்னொருவரை விட்டார்கள். அது எனக்குத் தெரியும். அதனால் என்னைத் தேற்ற வேண்டாம்.

மூன்று மாதத்துக்குப் பிறகு அவரை விட்டார்கள். ஒரு பின்னேரம் இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள், ஊரை விட்டுப் போவதாகச் சொல்ல. சட்டைப் பையில் பென்சில் இல்லை. நான் பேசும்போது அவர் தலையைத் திருப்பி வலது காதை எனக்குக் கிட்டக் கொண்டுவந்தார். முன்பு அப்படிச் செய்யமாட்டார்.

"அந்த வயரைச் சரியாக்கிப்போட்டாங்களே, அண்ணை?"

"ஆக்கிட்டாங்க."

"ஓம், அப்ப சரி. என்ரை ஆக்கள் வெட்டினதுதானே. பேசுறதெண்டா இப்பவும் பேசலாம்."

சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றுகிற சாட்டில் நின்றேன்.

அவர்கள் போன அடுத்த நாள் பலகையில் இருந்த சிவப்பு எழுத்தைச் சுரண்டினேன். பிறகு பாதையைக் கடந்து எதிர்ப்பக்கத்து மருந்துக் கடைக்குப் போனேன். அந்தச் சிங்கள முதலாளியோடு நான் வருடக்கணக்கில் பேசியதில்லை. எங்கள் கடைகள் எரிந்த அன்று அவர் தன் ஷட்டரைப் பாதி இறக்கி அதற்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாடியிலிருந்து பார்த்தேன், அவர் கீழேயிருந்து பார்த்தார். இரண்டு பேரும் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் நான் அவரைத்தான் குற்றம் சொன்னேன்.

நாங்கள் சிங்களத்தில்தான் பேசினோம்.

"மாத்தயா, உங்கள் இணைப்பில் எனக்கு ஒரு வயர் வேண்டும். என்னுடையதில் உங்களுக்கு ஒன்று தருகிறேன்."

"இப்போதுதான் கேட்கத் தோன்றியதா? அந்த வெள்ளிக்கிழமை என் கடை திறந்துதான் இருந்தது. இன்டர்நெட்டும் இருந்தது. இருபது அடி."

"நான் ஓடியதைப் பார்த்தீர்கள்தானே? ஏன் ஒரு சத்தம் போடவில்லை?"

"ஊரே நெருப்பு நெருப்பென்று ஓடுகிறது. நான் வெளியே வந்து நின்றால் கொளுத்தினது நான்தான் என்று சொல்லமாட்டீர்களா?"

"சொல்லியிருப்போம்" என்றேன். அது உண்மை.

"பிறகென்ன?" என்று அவரும் கத்தினார். மருந்து வாங்க வந்தவர்கள் விலகி நின்றார்கள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கத்தினோம். எரிந்த கடைகளுக்கும் கத்தினோம், எரியாத கடைகளுக்கும் கத்தினோம். மன்னிப்பு ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் அவர் ஏணியை எடுத்துக்கொண்டு வந்தார். பாதைக்கு மேலால் வயர் இழுத்தோம். பௌர்ணமிப் போயா நாளில் அவர் பூட்டுவார், வெள்ளிக்கிழமை நாங்கள் பூட்டுவோம். நாங்கள் பூட்டும் நேரத்தில் அவரும், அவர் பூட்டும் நேரத்தில் நாங்களும் பூட்டினது இல்லை. மெயினை ஓஃப் பண்ணுவதை மட்டும் நான் விட்டுவிட்டேன். மின்னொழுக்கு என்று எழுதுகிறவன் மெயின் ஓஃபில் இருந்தாலும் எழுதுவான்.

நீங்கள் வெட்டப் பார்க்கிற இரண்டாவது இணைப்பு அந்த வயரின் பிள்ளை. அவருடைய மகன் கடையிலிருந்து வருகிறது. இப்போது வேறு கொம்பனி, வேறு பெட்டி. ஆனால் வழி அதே வழி.

ஃபைபர் நிற்காது என்கிறீர்கள். இருக்கலாம். அதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் நான் பார்த்தது அந்தச் சிவப்பு எழுத்தை. கடைக்கு வருகிறவன் எதற்கு வருகிறான் என்று உங்களுக்குத் தெரியாது. பரீட்சை முடிவு பார்க்க வருகிறவனும் ஒரே மாதிரித்தான் வாசலில் நிற்பான், ஒரு மணிக்குள் கடிதம் வேண்டி வருகிறவளும் அதே வாசலில்தான் நிற்பாள். நின்றுபோச்சு, நாளைக்கு வாங்க என்று அவளிடம் நீங்கள் சொல்லுங்கள், பார்க்கலாம்.

அன்றைக்கு எடுத்த இரண்டாவது பிரதி என்னிடம்தான் இருக்கிறது. அலுமாரியில் மேல் லாச்சி, பாஸ்போர்ட்டுகளுக்குக் கீழே. கலர் கொஞ்சம் மங்கிவிட்டது. ஆனாலும் பொலிசில் கேட்டது போல முகம் தெளிவாக இருக்கிறது. இரண்டு காதும் நன்றாகத் தெரிகிறது. இரண்டு பேரும் அதை எடுத்துப் பாருங்கள். பார்த்த பிறகும் வெட்டத்தான் வேண்டும் என்றால், என்னிடம் வந்து சொல்லிவிட்டு வெட்டுங்கள்.